வரைபவனும் பக்கத்தில் இருப்பவரும்

மலர்க் குழு நண்பர்கள் இந்த முறையும் என்னிடம் சமணம் பற்றித்தான் கட்டுரை எதிர்பார்த்தார்கள். சித்தன்னவாசலைப் பற்றி எழுதித் தருகிறேன் என்று சொல்லியும் இருந்தேன். எழுத உட்கார்ந்ததும் மனம் வேறு பக்கம் போய்விட்டது. வாசக அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

புதுக்கோட்டைப் பக்கத்துக் குகைக்கோவிலான சித்தன்னவாசலின் விதானத்தில் ஒரு தாமரைக் குளம் தீட்டப்பட்டிருக்கிறது. மீன், யானை, பூப்பறிக்கும் மனிதர் எல்லாம் அதில் உண்டு. வரைந்த கை யாருடையது என்று தெரியாது. ஆனால் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அங்கே திருப்பணி செய்ததை 9-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு சொல்கிறது. ஓவியன் பெயர் போய்விட்டது. திருப்பணி செய்தவர் பெயர் நிற்கிறது. சுவரும் சாயமும் சோறும் கொடுக்க யாரோ ஒருவர் இல்லாமல் எந்தக் காலத்திலும் ஓவியம் நடந்ததில்லை. இதை நினைத்ததும் எனக்கு என் தங்கை மகன் ஞாபகம் வந்துவிட்டது. இந்தக் கட்டுரை அவனைப் போன்றவர்களைப் பற்றியது.

என்னைப் பற்றி ஒரு வரி. ஊர் வந்தவாசிப் பக்கம். படிப்பு பழைய எஸ்.எஸ்.எல்.சி. நாற்பது வருஷமாக மைசூர் சாயாஜி ராவ் ரோட்டுக்கு அருகே வரைதாளும் சாயமும் விற்கிறேன், படங்களுக்கு பிரேம் போட்டுத் தருகிறேன். காவா என்று எல்லோரும் சொல்லும் சாமராஜேந்திரக் கலைக் கல்லூரி மாணவர்கள் என் வாடிக்கைக்காரர்கள். எனக்கு ஓவியம் வரையத் தெரியாது. எது விற்கும், எது விற்காது, ஏன் என்பது கொஞ்சம் தெரியும்.

சொல்லில் உள்ள சிக்கல்

மருமகனுக்கு வயது 29. ஆட்டிசம் உள்ளவன். தமிழ்நாட்டு அரசு ஆவணங்களில் இதற்குப் 'புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கம்' என்று ஒரு நீண்ட பெயர் உண்டு. நல்ல எண்ணத்தில் வைத்த பெயர்தான். ஆனால் எனக்கு ஒப்பவில்லை. இவன் விடியற்காலை ஆறு மணிக்கு, சந்தடி ஏறுவதற்கு முன், தேவராஜா மார்க்கெட்டுக்குப் போய் வாழைத்தார்களையும் பூக்கூடைகளையும் பார்த்துவிட்டு வருவான். பிறகு வீட்டில் உட்கார்ந்து மைப்பேனாவால் வரைவான். எந்தக் கடையில் எத்தனை தார் தொங்கியது என்பது படத்தில் சரியாக இருக்கும். புற உலகச் சிந்தனை அற்றவன் இவனா, தினமும் அதே வழியில் நடந்து ஒன்றையும் பார்க்காத நானா?

ஆட்டிசம், எழுத்துக் கூட்டிப் படிப்பதில் வரும் டிஸ்லெக்ஸியா, கவனம் ஓரிடத்தில் நில்லாத ஏ.டி.எச்.டி. ஆகியவற்றையெல்லாம் சேர்த்து 'நரம்பியல் பன்மை' என்று இப்போது சொல்கிறார்கள். மூளைகள் பலவிதம், அதில் இதுவும் ஒரு விதம் என்பது பொருள். 1990-களின் பிற்பகுதியில் மேல்நாட்டில் வழக்குக்கு வந்த கருத்து. அநேகாந்தவாதம் கேட்டு வளர்ந்த எங்களுக்கு இது புதிதாகத் தோன்றவில்லை. ஒரு பொருளுக்குப் பல பக்கம் உண்டு, ஒருவர் பார்வையில் எல்லாப் பக்கமும் அடங்காது என்பதுதானே அது.

நம் நாட்டுச் சட்டமும் மெள்ள நகர்ந்திருக்கிறது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகை மாற்றுத்திறன்களே இருந்தன. ஆட்டிசம் அதில் இல்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அதை 21 வகையாக்கி, ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் சேர்த்தது.

குழந்தைக்கு உண்டு, பெரியவனுக்கு?

மைசூர்க்காரர்களுக்கு ஒரு பாக்கியம். மானசகங்கோத்திரியில் 1965-இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்தும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். சில பேர் என் கடையில் வழி கேட்டதும் உண்டு.

1989-இல் பிறந்த டிட்டோ ராஜரிஷி முகோபாத்யாய என்ற வங்காளப் பையனும் சிறுவயதில் தாயாருடன் மைசூரில் இருந்து, அங்கே போய்வந்தவர்தான். அதிகம் பேச்சு வராதவர். 2000-இல் பிரிட்டனில் அவருடைய முதல் புத்தகம் வந்தது. பிறகு அமெரிக்காவில் குடியேறி இன்னும் பல நூல்கள் எழுதினார். பேசாத பிள்ளையும் எழுத்தாளர் ஆகலாம் என்பதற்கு நம் ஊரோடு தொடர்புள்ள உதாரணம் இது.

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. டிட்டோ தானே பென்சில் பிடித்து எழுதப் பழகியவர். ஆனால் அவர் தாயார் மற்றப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்த முறையில், உதவியாளர் எழுத்து அட்டையைப் பிடித்துக்கொண்டு பிள்ளையைச் சுட்டச் சொல்லுவார். வரும் வார்த்தை பிள்ளையுடையதா, அட்டை பிடித்தவருடையதா என்ற கேள்வி எழுந்தது. 2018-இல் அமெரிக்கப் பேச்சு-மொழி-செவிப்புலன் சங்கம் அந்த முறை வேண்டாம் என்று அறிவித்தது. ஓவியத்துக்கும் இது பொருந்தும். பக்கத்தில் இருப்பவர் தாள் எடுத்துக் கொடுக்கலாம், சாயம் கரைக்கலாம், பேனாவைக் கழுவலாம். கோட்டைத் திருத்தக் கூடாது. திருத்தினால் அந்தப் படம் பொய்ச் சரக்கு.

பதினெட்டு வயது தாண்டியதும் கதவுகள் குறைந்துவிடுகின்றன. பள்ளி முடிந்தது, பயிற்சி முடிந்தது, பையன் வீட்டில். "எங்களுக்கு அப்புறம்?" என்பதுதான் பெற்றோரின் கேள்வி. என் மைத்துனர் காலமான பிறகு தங்கை என்னிடம் கேட்டதும் அதே இரண்டு வார்த்தைதான்: "எனக்கப்புறம், அண்ணா?"

வெளியூர்களில் எப்படி நடந்தது?

இதற்குப் பதில் தேடித்தான் நான் படிக்க ஆரம்பித்தேன். கலையால் நிலைத்து நின்றவர்களை எடுத்துப் பார்த்தால், திறமைக்குப் பக்கத்தில் எப்போதும் நான்கு விஷயங்கள் இருக்கின்றன: இடம், காலம், ஆள், கணக்கு.

இடமும் காலமும்: அமெரிக்காவில் ஓக்லாந்து நகரில் 1974-இல் 'கிரியேட்டிவ் குரோத்' என்ற கலைக்கூடம் தொடங்கியது. ஜூடித் ஸ்காட் என்ற பெண் 1987-இல் அங்கே வந்தார். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர், காதும் கேட்காது. ஏழு வயதில் விடுதியில் விடப்பட்டு, 35 வருஷம் அங்கேயே கிடந்தவர். இரட்டைச் சகோதரிதான் வெளியே அழைத்து வந்தார். கலைக்கூடத்தில் ஏறக்குறைய இரண்டு வருஷம் அவர் எதிலும் ஈடுபடவில்லை. யாரும் அவரை அனுப்பிவிடவில்லை. பிறகு ஒரு நாள் நூலையும் துணியையும் எடுத்துப் பொருள்களைச் சுற்ற ஆரம்பித்தார். 2005-இல் இறப்பதற்குள் 200-க்கு மேற்பட்ட சிற்பங்கள். இன்று பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அந்தக் கூடத்தில் ஒரு படைப்பு விற்றால் பாதி கலைஞருக்கு, பாதி கூடத்துக்கு. நம்மில் எத்தனை பேர் மூன்று மாத வகுப்புக்கு அனுப்பிவிட்டு "இவனுக்கு வராது" என்று முடித்திருக்கிறோம்!

ஆள்: 2025 டிசம்பரில் பிரிட்டனின் டர்னர் பரிசு நெனா காலு என்பவருக்குக் கிடைத்தது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உள்ளவர், வயது ஐம்பதுகளின் கடைசி, பேச்சு மிகக் குறைவு. பரிசுத் தொகை 25,000 பவுன். எல்லோரும் பரிசைப் பேசினார்கள். நான் பார்த்தது வேறு. 'ஆக்‌ஷன் ஸ்பேஸ்' என்ற அமைப்பு 1999-லிருந்து அவருக்குத் துணையாக இருக்கிறது. 26 வருஷம்! பரிசு ஒரு நாள் வந்தது. அமைப்பு அத்தனை வருஷமும் கூட நின்றது.

கணக்கு: ஜப்பானில் மட்சுதா என்ற இரட்டைச் சகோதரர்கள் 2018-இல் 'ஹெரால்போனி' என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். அவர்களுடைய அண்ணன் ஆட்டிசம் உள்ளவர். சிறுவயதில் அவர் நோட்டில் எழுதிவைத்த, யாருக்கும் பொருள் தெரியாத சொல்தான் கம்பெனியின் பெயர். அவர்கள் படத்தை மட்டும் விற்பதில்லை; படத்தை அச்சிடும் உரிமையைக் கொடுக்கிறார்கள். கைக்குட்டை, கழுத்துப்பட்டை, பை என்று எதில் அச்சானாலும் கலைஞருக்குப் பங்கு போகிறது. ஒரே படம் பல முறை சம்பாதிக்கிறது. பட்டுக்குப் பேர்போன மைசூரில் உட்கார்ந்துகொண்டு இதை நாம் யோசிக்காமல் இருக்கலாமா?

நம் பக்கத்திலும் முயற்சிகள் உண்டு. சென்னையில் நடனக் கலைஞர் அம்பிகா காமேஷ்வர் 1989-இல் தொடங்கிய 'ராசா', இசை, நடனம், நாடகம் வழியாகவே இத்தகையோரோடு வேலை செய்கிறது. திருவனந்தபுரத்தில் மந்திரவித்தைக் கலைஞர் கோபிநாத் முதுகாடு 2019-இல் 'டிஃபரன்ட் ஆர்ட் சென்டர்' தொடங்கினார். அங்கே பிள்ளைகளின் நிகழ்ச்சியைப் பொதுமக்கள் வந்து பார்க்கிறார்கள். ஆண்டு விழாவில் ஒரு முறை மேடை ஏறுவதற்கும், பார்வையாளர் முன் தொடர்ந்து நிற்பதற்கும் வித்தியாசம் உண்டு. இரண்டாவதுதான் தொழில்.

நாங்கள் பட்ட பாடு

சில வருஷங்களுக்கு முன் ஒரு நல்ல மனிதர் மருமகனின் படங்களுக்குக் கண்காட்சி வைத்தார். ஒரே மாலையில் 22 படம் விற்றது. தங்கை அழுதுவிட்டாள். அடுத்த வருஷம் அதே ஆட்களைக் கூப்பிட்டோம், விற்றது இரண்டு. இரக்கப்பட்டு வாங்குகிறவர் ஒரு முறைதான் வாங்குவார். சரக்கு பிடித்து வாங்குகிறவர்தான் திரும்பி வருவார். இது எந்தக் கடைக்காரருக்கும் தெரிந்த விஷயம். சொந்தப் பிள்ளை என்றதும் மறந்துபோனேன்.

இன்னொன்று. ஒரு நிறுவனத்தார் அவன் படங்கள் ஆறை வாங்கிப்போய் நாட்காட்டி அச்சடித்தார்கள். காசும் இல்லை, அவன் பெயரும் இல்லை. "புண்ணியத்துக்குத்தானே சார்" என்றார்கள். அப்புறம்தான் சட்டத்தைப் படித்தேன். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி படத்தை விற்றாலும், எழுத்து மூலம் கொடுக்காதவரை அச்சிடும் உரிமை வரைந்தவனுடையதே. தன் பெயரைக் கோரும் உரிமையும் அவனுக்கு உண்டு. இப்போது ஒவ்வொரு பில்லிலும் ஒரு வரி எழுதுகிறேன்: 'படம் மட்டும் விற்கப்பட்டது, அச்சுரிமை ஓவியருக்கு.'

சிலர், "ஒரே மாதிரி வாழைத்தாரையே வரைகிறானே, வேறு வரையச் சொல்லக் கூடாதா?" என்பார்கள். ஒரே சரக்கை ஒரே தரத்தில் எண்பது முறை செய்து தருகிறவனை எங்கள் தொழிலில் கைதேர்ந்தவன் என்போம். அதை நோய்க்குறி என்று ஏன் எழுத வேண்டும்?

இப்போதைய ஏற்பாடு இதுதான். கடையின் பின்னறையில் அவனுக்கு ஒரு மேசை. இரைகிற டியூப்லைட்டை எடுத்துவிட்டேன்; ஜன்னல் வெளிச்சம். காலை 9 முதல் 12 வரை வேலை. காவாவில் படித்த ஒரு பெண் வாரம் மூன்று நாள் சம்பளத்துக்கு வந்து உடன் இருக்கிறாள். தாள், பிரேம், அந்தப் பெண்ணின் சம்பளத்தில் ஒரு பங்கு எல்லாம் சேர்த்துத்தான் விலை போடுகிறோம். இந்தப் படத்துக்கு இந்த விலை என்றால் எல்லோருக்கும் அதே விலை. சொந்தக்காரருக்கும் தள்ளுபடி இல்லை. படத்தின் பக்கத்தில் அவன் பெயரும் தலைப்பும் இருக்கும். அவன் உடல்நிலை இருக்காது. கேட்டால் சொல்லுவோம்.

போன வருஷம் அவன் கணக்கில் செலவு போக நின்றது 41,000 ரூபாய். இதை வைத்து ஒருவன் பிழைக்க முடியுமா? முடியாது. உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் அதற்கு முந்தைய வருஷம் 17,000. வாங்கியவர்களில் ஒன்பது பேர் இரண்டாம் முறை வந்தவர்கள். எனக்கு அந்த ஒன்பதுதான் பெரிய எண்.

குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

பிள்ளைக்குப் பதினெட்டு ஆனதும், தானே முடிவெடுக்க இயலாத நிலை என்றால், 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் பாதுகாவலர் சான்றிதழ் வாங்கிவையுங்கள். வங்கிக்கு அது உதவும். இயன்றவர் என்றால் அவர் பேரிலேயே கணக்குத் தொடங்குங்கள். சொத்து வைத்துக்கொள்ளவும் பணத்தை நிர்வகிக்கவும் அவருக்குள்ள உரிமையை 2016 சட்டம் சொல்கிறது. பெற்றோர் மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தர் என்றால் பிள்ளைக்கு வாழ்நாள் குடும்ப ஓய்வூதியம் வரலாம். அதற்கு வருமான வரம்பு உண்டு. ஆகவே விற்பனை வளர்வதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள். எந்தப் பிள்ளையையும் கலைஞனாக்கியே தீருவேன் என்று பிடிவாதமும் வேண்டாம். எந்நேரமும் கை எதைத் தேடிப் போகிறதோ, அதுதான் தடயம்.

கடைசியாக, நம் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். வெளிமாநிலத்தில் இருக்கும் நமக்குச் சித்தப்பா, பெரியப்பா, அத்தை எல்லாம் பக்கத்துத் தெருவில் இல்லை. ஊரில் பத்து வீட்டார் பகிர்ந்து சுமப்பதை இங்கே ஒரு தாய் தனியாகச் சுமக்கிறாள். சங்கக் கூடம் காலை வேளைகளில் பூட்டித்தான் கிடக்கிறது. வாரம் மூன்று காலை அதைத் திறந்துவிட்டால் நாலைந்து மேசை போடலாம். தாளும் சாயமும் என் பொறுப்பு. உடன் இருக்க இரண்டு பேருக்குச் சம்பளம் வேண்டும். அதற்கு நாம் எல்லோரும் சேர வேண்டும். தசரா சமயத்தில் ஒரு கடை எடுத்து முறையான விலைக்கு விற்கலாம்.

எனக்கு 67 ஆகிறது. நான் இல்லாத நாளிலும் அந்தப் பின்னறையில் காலை ஒன்பது மணிக்கு யாராவது தாள் எடுத்துக் கொடுக்க வேண்டும். சித்தன்னவாசலில் ஒரு பெயர்தான் மிஞ்சியது. இங்கே வரைந்தவன் பெயரும் உடன் நின்றவர் பெயரும் சேர்ந்தே இருக்கட்டும்.