பழைய காருக்குள் ஓர் ஏலக்கூடம்

கொடுமுடியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவரிடம் இருப்பது 2011இல் வாங்கிய பெட்ரோல் கார். 15 ஆண்டு முடிவதால் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். ஈரோட்டு ஆஸ்பத்திரிக்கும் கரூர்ப் பக்கம் நடக்கும் கல்யாணங்களுக்கும் போய்வருவதோடு சரி; ஆண்டுக்கு 5,000 கிலோமீட்டர் ஓடினால் அதிகம். பழைய வண்டி ஊரைக் கெடுக்கிறது, புதிதாக வாங்கிவிடலாம் என்று மகன் சொல்கிறாராம். டெல்லியில் பழைய வண்டிகளுக்குத் தடையே போட்டிருக்கிறார்களே, விற்றுவிடட்டுமா என்று கேட்கிறார்.

டெல்லியை முதலில் ஒதுக்கிவிடலாம். 10 ஆண்டு தாண்டிய டீசல், 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிகள் ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் போட்ட உத்தரவை 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அது டெல்லிக்கும் அதைச் சுற்றியுள்ள பகுதிக்கும் மட்டுமே. 2025இல் அதுவே மறுபடி நீதிமன்றப் படியேறியது. தமிழ்நாட்டில் சொந்தக் காருக்கு அப்படி ஒரு வயது வரம்பு கிடையாது. 15 ஆண்டு முடிந்ததும் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி, பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். காருக்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயானது. 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு அதை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக்கினார்கள். ஆக, சட்டம் உங்களை விற்கச் சொல்லவில்லை. மிச்சமிருப்பது புகை.

அந்தப் புகையில் இரண்டு கணக்குகள் இருக்கின்றன. பக்கத்தில் நிற்பவரின் நுரையீரலைத் தாக்கும் விஷ வாயுக்கள் ஒரு கணக்கு. பூமியைச் சூடாக்கும் கார்பன் டை ஆக்சைடு இன்னொரு கணக்கு. விளம்பரங்கள் இரண்டையும் 'பசுமை' என்ற ஒரே சொல்லுக்குள் போட்டுவிடுகின்றன. குழப்பம் தொடங்குவது அங்கேதான்.

முதல் கணக்கைத் தீர்மானிப்பது வண்டியின் வயதல்ல. என்ஜினுக்கும் சைலன்சருக்கும் நடுவே இருக்கும் ஓர் எஃகு உருளை. ஒர்க்‌ஷாப்பில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்பார்கள். பாடப்புத்தகத்தில் வினையூக்கி மாற்றி. உள்ளே, நீளவாக்கில் நுண்துளைகள் ஓடும் பீங்கான் கட்டை ஒன்று இருக்கும். ஒரு சதுர அங்குலத்தில் 400 துளை என்பது வழக்கமான அளவு. துளைச் சுவர்களில் அலுமினாப் பூச்சு. ஒரு கிராம் அலுமினாவின் உள்மடிப்புகளையெல்லாம் விரித்தால் 100 சதுர மீட்டர் பரப்பாவது தேறும். அந்தப் பரப்பெங்கும் பிளாட்டினம், பல்லாடியம், ரோடியம் நுண்துகள்களாக ஒட்டியிருக்கின்றன. மூன்றும் சேர்ந்து மொத்தமே சில கிராம்தான்.

உள்ளே நடப்பதைப் பார்க்கக் கொடுமுடிக்காரர்கள் வெகுதூரம் போக வேண்டாம். சாலைப்புதூர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் தேங்காய் ஏலம் நடக்கும் நாளை நினைத்துக்கொள்ளுங்கள். என்ஜினிலிருந்து வரும் நைட்ரஜன் ஆக்சைடு, மூட்டையோடு வரும் விவசாயி. மூட்டைக்குள் இருப்பது ஆக்சிஜன். கார்பன் மோனாக்சைடும் எரியாத ஹைட்ரோகார்பனும் சரக்குத் தேடி வந்த வியாபாரிகள். இவர்கள் ரோட்டில் எதிரெதிரே போனால் பேரம் நடக்காது. நைட்ரஜன் தன் ஆக்சிஜனை அவ்வளவு இறுகப் பிடித்திருக்கிறது. கூடத்து மேடையில் இறக்கிவைத்தால்தான் சரக்கு கைமாறும். ரோடியம் மேடையில் நைட்ரஜன் ஆக்சைடு மூட்டையை அவிழ்க்கிறது. சுமை இறங்கிய நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து, நாம் எப்போதும் சுவாசிக்கிற சாதாரண நைட்ரஜனாக வெளியே போகின்றன. பிளாட்டினம், பல்லாடியம் மேடைகளில் காத்திருக்கும் கார்பன் மோனாக்சைடு அந்த ஆக்சிஜனை வாங்கிக் கார்பன் டை ஆக்சைடாகிறது. ஹைட்ரோகார்பன் நீராவியும் கார்பன் டை ஆக்சைடுமாகிறது. இத்தனை கொடுக்கல் வாங்கலிலும் மேடை செலவாவதில்லை. அடுத்த சரக்குக்கு உடனே காலியாகிவிடுகிறது.

இந்த ஏலத்துக்கு ஒரு கண்டிப்பு உண்டு. வரத்தும் தேவையும் சமமாக இருக்க வேண்டும். 1 கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்ற அளவை ஒட்டி என்ஜின் எரித்தால்தான் மூன்று வாயுக்களும் ஒருசேரத் தீரும். காற்று கூடிவிட்டால் வியாபாரிகள் கூடத்துக்குள் சும்மா கிடைக்கும் ஆக்சிஜனை அள்ளிக்கொள்வார்கள். நைட்ரஜன் ஆக்சைடின் மூட்டை விலைபோகாது. பெட்ரோல் கூடிவிட்டால் சரக்குப் பற்றாமல் கார்பன் மோனாக்சைடு அப்படியே தெருவுக்கு வரும். அதனால் வாசலில் ஆக்சிஜன் சென்சார் என்ற கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறார். அவர் வரத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, என்ஜின் கணினி பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் விடுகிறது. ஏறத்தாழ நொடிக்கு ஒருமுறை இந்த ஏற்ற இறக்கம் நடக்கிறது. அதைத் தாங்கிக்கொள்ளக் கூடத்துக்குள்ளேயே ஒரு கிடங்கும் இருக்கிறது: சீரியம் ஆக்சைடு. ஆக்சிஜன் மிஞ்சும் கணத்தில் வாங்கி வைத்து, பற்றாக்குறை வரும் கணத்தில் எடுத்துக் கொடுக்கும். நொடிக்கு நொடி நிறைந்து காலியாகும் இந்தக் கிடங்கைவிட அழகான ஒன்றை நான் மோட்டார் வண்டிக்குள் கண்டதில்லை.

வரலாறு சுருக்கமாகப் போதும். பிரான்சில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பொறியாளர் யூஜின் ஹூட்ரி 1950களில் இதற்குக் காப்புரிமை பெற்றார். பெட்ரோலில் அப்போது கலந்த ஈயம் மேடைகளை மூடிவிட்டதால் அது உபயோகப்படவில்லை. அமெரிக்கக் கார்களில் பரவலானது 1975இல். இந்தியாவில் 1995இல் நான்கு பெருநகரங்களில் விற்கும் புதுப் பெட்ரோல் கார்களுக்குக் கட்டாயமானது. நாடு முழுக்க ஈயப் பெட்ரோல் ஒழிந்தது 2000இல். வாசகரின் 2011 காரில் கன்வெர்ட்டரும் உண்டு, சென்சாரும் உண்டு. கார்புரேட்டர் காலத்து வண்டிகளுக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது.

கூடம் எப்படிக் கெடுகிறது என்று பார்த்தால் வயதின் பொருள் விளங்கும். என்ஜின் ஆயில் குடிக்கத் தொடங்கினால், ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் வந்து மேடைகளில் படிகிறது. அது விற்கவும் செய்யாது, வாங்கவும் செய்யாது, இடத்தையும் விடாது. பிளக் சரியாகப் பொறி கொடுக்காவிட்டால், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் வந்து எரிந்து பீங்கானையே உருக்கிவிடும். மூன்றாவது, பலகாலச் சூட்டில் உலோக நுண்துகள்கள் நகர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்துப்போவது. நூறு சின்ன மேடைகள் ஒரே பெரிய திட்டானால், ஓரத்தில் நிற்பவருக்குத்தான் இடம் கிடைக்கும். முதல் இரண்டையும் பராமரிப்பால் தடுக்கலாம். மூன்றாவது ஓடிய தூரத்தையும் பட்ட சூட்டையும் பொறுத்தது; வண்டி ஷெட்டில் நின்ற ஆண்டுகள் அதில் சேராது.

இன்னொன்றையும் விளம்பரங்கள் சொல்வதில்லை. ஸ்டார்ட் செய்தவுடன் கூடம் திறப்பதில்லை. 250, 300 டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால்தான் ஏலம் தொடங்கும். அதுவரை வந்த சரக்கெல்லாம் விற்காமலே தெருவுக்குப் போய்விடும். குட்டிப் பயணங்களில் வரும் விஷ வாயுவில் பெரும்பகுதி முதல் ஓரிரு நிமிடங்களில் வருவதுதான். புதிய கார்களில் கன்வெர்ட்டரை என்ஜினை ஒட்டியே வைத்து விரைவில் சூடாக்குகிறார்கள். அப்படியும், மகுடேசுவரர் கோயிலுக்கும் கடைவீதிக்கும் புதுக் காரில் போய்வருவதைவிட நடந்து போவது ஊர்க் காற்றுக்கு நல்லது.

இனி இரண்டாவது கணக்கு. கன்வெர்ட்டர் எவ்வளவு ஒழுங்காக வேலை செய்தாலும் முடிவில் வெளியே போவது கார்பன் டை ஆக்சைடு. 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ வரும். வாசகரின் கார் லிட்டருக்கு 14 கிலோமீட்டரும் புதியது 20 கிலோமீட்டரும் கொடுக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 5,000 கிலோமீட்டருக்குப் பழையது 357 லிட்டர் குடிக்கும், புதியது 250 லிட்டர். மிச்சம் 107 லிட்டர். அதாவது ஆண்டுக்கு 250 கிலோவுக்குச் சற்றுக் குறைவான கார்பன் டை ஆக்சைடு. ஆனால் உருக்கு, அலுமினியம், பிளாஸ்டிக், பெயின்ட் என்று ஒரு சின்னக் காரைச் செய்து முடிப்பதற்குள்ளேயே 5, 6 டன் காற்றில் கலந்துவிடுகிறது. 6 டன் என்று வைத்தால், அந்தக் கடன் அடைய ஏறத்தாழ 24 ஆண்டு ஆகும். அதற்குள் புதுக் காரும் பழையதாகிவிடும்.

அதே கார் ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர் ஓடுவதானால் மிச்சம் 1 டன்னை நெருங்கும். கடன் 6 ஆண்டில் அடையும். முடிவை மாற்றுவது மாடல் ஆண்டல்ல, ஓடும் தூரம். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: நீங்கள் விற்ற கார் மறைந்துவிடுவதில்லை. உடைக்கப் போடாதவரை அது இன்னொரு ஊரில், ஒருவேளை இன்னும் அதிகமாக, ஓடிக்கொண்டிருக்கும்.

மின்சாரக் காருக்கும் இதே தராசுதான். 1 யூனிட் மின்சாரத்தில் 6, 7 கிலோமீட்டர் ஓடலாம். நம் நாட்டு மின்தொகுப்பில் 1 யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வருவதால் கிலோமீட்டருக்கு 110 கிராம் போல ஆகிறது. வாசகரின் பழைய கார் 164 கிராம். பேட்டரி செய்யும்போது கூடுதலாக வெளியாகும் சில டன்களையும் சேர்த்தால், 5,000 கிலோமீட்டர்க்காரருக்கு இதிலும் கடன் எளிதில் அடையாது. கூரையில் சூரியத் தகடு போட்டு, தினமும் வேலைக்கு ஓட்டுகிறவருக்குச் சில ஆண்டுகளிலேயே அடைந்துவிடும். அவர் மாறினால் நல்லது.

பழைய டீசல் காருக்கு என் பதில் வேறு. டீசல் என்ஜினில் எப்போதும் காற்று மிகுதி. அதனால் இந்த மும்முனை ஏலம் அங்கே நடக்காது. பி.எஸ்.3 என்ற பழைய மாசு விதியில் டீசல் காருக்குக் கிலோமீட்டருக்கு 50 மில்லிகிராம் வரை நுண்துகள் அனுமதி இருந்தது, பி.எஸ்.6இல் அது 4.5 மில்லிகிராம். தினமும் கோவைக்கோ திருப்பூருக்கோ ஓடும் பழைய டீசல் வண்டியை மாற்றத்தான் வேண்டும். ஆனால் புது டீசல் காரில் துகளைப் பிடிக்கும் வடிகட்டி அவ்வப்போது நெடுஞ்சாலை ஓட்டத்தில் சூடேறித் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். ஊருக்குள் மட்டும் ஓட்டினால் அது அடைத்துக்கொள்ளும்.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பயந்தும் பலர் விற்க நினைக்கிறார்கள். எத்தனாலில் ஆற்றல் குறைவு என்பதால் மைலேஜ் சற்று இறங்கும். பழைய ரப்பர் குழாய்களையும் சீல்களையும் பார்த்து மாற்றிக்கொள்வது நல்லது. அதற்காகக் காரையே மாற்றத் தேவையில்லை.

புதுக் கார் உண்மையிலேயே ஜெயிக்கும் இடம் பாதுகாப்பு. ஏ.பி.எஸ். பிரேக், ஓட்டுநர் ஏர்பேக், மோதல் சோதனை விதிகள் எல்லாம் 2019இல்தான் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமாயின. குழந்தைகளோடு அடிக்கடி நெடுஞ்சாலையில் போகிற குடும்பம் இதற்காகவே மாற்றினால் அது நியாயமான காரணம். புகையைச் சாக்காகச் சொல்ல வேண்டியதில்லை.

கொடுமுடி வாசகருக்கு என் பதில்: வைத்துக்கொள்ளுங்கள். ஆர்.சி. புதுப்பியுங்கள். ஆயில் குறைகிறதா என்று மாதந்தோறும் பாருங்கள். செக் என்ஜின் விளக்கு எரிந்தால் உடனே ஸ்கேனர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். புகைச் சான்றில் அச்சிட்ட கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன் அளவுகளை முந்தைய சான்றோடு ஒப்பிடுங்கள். நைட்ரஜன் ஆக்சைடை அந்தச் சோதனை அளப்பதில்லை என்பதால் அந்தத் தாளை மட்டும் நம்பியிருக்காதீர்கள். கரூரில் பஸ்ஸுக்கு பாடி கட்டும், கோவையில் எந்த உதிரிபாகத்தையும் கடைந்து கொடுக்கும் கைகள் உள்ள நாடு இது. ஒரு காரை 25 ஆண்டு ஓட்டும் திறமை நம்மிடம் இருக்கிறது. ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். கன்வெர்ட்டர் அடைத்துக்கொண்டது, உள்ளே இருப்பதை வெட்டி எடுத்துவிட்டால் வண்டி நன்றாக இழுக்கும் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். புதியது மாட்டப் பணம் செலவானாலும் மாட்டுங்கள். அது இல்லாத கார் எந்த மாடலாக இருந்தாலும் தெருவில் ஓடத் தகுதியற்றது.