முதல் என்பது முன் நிற்பது மட்டுமன்று

தமிழில் ‘முதல்’ என்னும் சொல் பல பொருள் தரும். வரிசையில் முன் நிற்பது முதல். ஒன்று தோன்றக் காரணமாவதும் முதல். வணிகர் தொழிலில் இடும் பணமும் முதல். இலக்கண நூலார் உறுப்பைச் ‘சினை’ என்றும், உறுப்புகளையுடைய முழுப்பொருளை ‘முதல்’ என்றும் வழங்கினர். கிளை சினையாயின் மரம் முதலாகும். தொடக்கத்தையும் முழுமையையும் ஒரே சொல் சுட்டுவது ஆழ்ந்து நோக்கத்தக்கது.

கிரேக்க மெய்யியலில் ‘ஆர்க்கே’ என்னும் சொல் தொடக்கம், மூலக்காரணம், ஆட்சி ஆகியவற்றைக் குறித்தது. நீரே அனைத்திற்கும் மூலம் எனத் தேலீஸ் கருதியதாக அரிஸ்டாட்டில் எழுதுகிறார். அவர் விளக்கத்தின்படி, மூலம் என்பது முன்பு இருந்து மறைந்த பொருளன்று. பொருள்கள் மாறும்போதும் அவற்றினுள் மாறாது நிலைப்பது.

இக்கருத்தை நம் எழுத்திலும் காணலாம். வாயைத் திறந்த அளவில் அகரம் பிறக்கும் என்பார் தொல்காப்பியர். மெய்கள் அகரத்தோடு இயைந்தே இயங்கும் என்றும் கூறுவார். க, ச, த எனச் சொல்லுந்தோறும் உள்ளே அகரம் ஒலிக்கிறது. அது நெடுங்கணக்கின் தலையில் நின்றுவிடாமல், பின்வரும் மெய்களோடும் உடன்செல்கிறது. முதற்குறள் இறைவனுக்கு அகரத்தை உவமையாக்கியதன் பொருத்தம் இதனால் விளங்கும்.

இலக்கியத்திற்கு வருவோம். சிலப்பதிகாரம் திங்கள், ஞாயிறு, மழை, புகார் நகர் ஆகியவற்றை வாழ்த்தித் தொடங்குகிறது. அங்கே திங்கள் உலகைக் காக்கும் சோழனின் வெண்குடைக்கு ஒப்பிடப்படுகிறது. பின்னர் மதுரையில், கோவலனைத் தவறாகக் கொல்வித்ததை உணர்ந்த பாண்டியன் தாழ்ந்த குடையோடு உயிர்விடுகிறான். வாழ்த்தில் உயர்ந்த குடையை அறிந்தவர்க்கே தாழ்ந்த குடையின் துயரம் முழுமையாகப் புலப்படும். காப்பியத்தின் அறம் அதன் தொடக்கத்திலேயே இடப்பட்டுள்ளது.

ஆசிரியப் பணியின் தொடக்க ஆண்டுகளில், எத்தலைப்பாயினும் ஒரு பழமொழியை முன்னுரையில் வைக்குமாறு மாணவர்க்குக் கற்பித்தேன். ஒரு நாள் மாணவி ஒருத்தி, “ஐயா, இந்த முன்னுரையை எடுத்துவிட்டால் என் கட்டுரையில் என்ன குறையும்?” என்று வினவினாள். அன்று நான் விடை கூறவில்லை. ஒன்றும் குறையாது என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

அவள் வினாவையே இன்று மாணவர்க்குப் பரிந்துரைக்கிறேன். கட்டுரையை முடித்தபின் முன்னுரையை மறைத்துவிட்டு எஞ்சியதைப் படியுங்கள். பொருள் குன்றினால் அது முதல். குன்றாவிடின், வெறுமனே முன் நிற்பது. அதனை நீக்கிவிட்டு, கட்டுரை முழுவதும் உடன்வரும் கருத்தைத் தேடி அங்கே வையுங்கள்.