ஒரு கராத்தே ஏன் பலவாயிற்று?

பருத்தித்துறையில் மூன்று வருடம் கராத்தே பழகிப் பச்சைப் பட்டி வாங்கிய ஒரு பிள்ளை, தகப்பனுக்கு இடமாற்றம் கிடைத்ததால் யாழ்ப்பாண நகருக்கு வந்து புதிய வகுப்பில் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய வகுப்பு ஷோட்டோகான். புதியது ஷிட்டோ-ரியூ. “இது வேறு ஸ்டைல், வெள்ளைப் பட்டியிலிருந்துதான் தொடங்கவேணும்” என்று அங்கே சொல்லிவிடக்கூடும். பிள்ளை பழகியது அவ்வளவும் வீணா?

இல்லை. முதலில் உடம்பைப் பார்ப்போம். ஷோட்டோகானில் ‘ஹெயான் நிடான்’ என்றொரு காட்டா (ஒழுங்குபடுத்திய அசைவுத் தொடர்) உண்டு. இடப்பக்கம் திரும்பியதும் இடக்கை முகத்துக்கு முன்னால் தடுக்கும். வலக்கை நெற்றிக்கு மேலே உயரும். கால்கள் நன்றாக அகன்று நிற்க, உடம்பின் பாரத்தில் ஏறக்குறைய எழுபது வீதம் பின்காலில் இருக்கும். ஷிட்டோ-ரியூவின் ‘பினான் ஷோடான்’ காட்டாவும் இதே திரும்பலோடும் இதே கைகளோடும்தான் தொடங்குகிறது. நிலை மட்டும் குறுகியது. பாரம் ஏறக்குறைய முழுவதும் பின்காலில் இறங்க, முன்பாதத்தின் நுனி மட்டும் நிலத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் மூலம் ஒன்றே. ஜப்பானின் ஒகினாவாத் தீவைச் சேர்ந்த இட்டோசு அங்கோ என்ற ஆசான் பாடசாலைப் பிள்ளைகளுக்காக ஐந்து காட்டாக்களை ஒழுங்குசெய்தார். அவரிடம் பழகிய, ஷோட்டோகானின் மூலவரான ஃபுனகோஷி கிச்சின் அவற்றின் பெயரை மாற்றினார், முதலாவதையும் இரண்டாவதையும் இடம் மாற்றினார். வெள்ளைப் பட்டிக்குத் திருப்பி அனுப்பும் அளவுக்கு இதில் என்ன பேதம் இருக்கிறது?

ஒகினாவாவில் ஷூரி, நாஹா, தோமாரி என்ற மூன்று ஊர்களின் பெயரில் இந்தக் கலை அறியப்பட்டது. யாழ்ப்பாண நகரிலிருந்து கோப்பாய்க்குச் சைக்கிளில் போகிற தூரத்துக்குள் மூன்றும் அடங்கிவிடும். ஒரு மாணவர் இரண்டு ஆசான்களிடம் பழகுவதை அங்கே யாரும் துரோகமாக நினைக்கவில்லை. ஷிட்டோ-ரியூவை உருவாக்கிய மபுனி கென்வா, ஷூரியில் இட்டோசுவிடமும் நாஹாவில் ஹிகாவோன்னா கன்ரியோவிடமும் பழகியவர். தன் பாணியின் பெயரிலேயே இருவரையும் சேர்த்துக்கொண்டார்.

பெயர்களும் பதிவுகளும் வந்தது ஜப்பானின் பெருநிலத்துக்குக் கராத்தே போன பிறகு. ஃபுனகோஷி 1922இல் தோக்கியோவில் கராத்தேயைச் செய்துகாட்டினார். ஜூடோவின் தந்தை கானோ ஜிகோரோ அவரை ஆதரித்தார். வெள்ளை உடுப்பும் ‘டான்’ என்ற தரமுறையும் ஜூடோவிலிருந்து கராத்தேக்கு வந்தவை. அன்றைய ஜப்பானின் தற்காப்புக் கலைகளை ‘டாய் நிப்பொன் புட்டொக்கு காய்’ என்ற அமைப்பு நெறிப்படுத்தியது. அதன் அங்கீகாரம் வேண்டுமென்றால் கலைக்கு ஒரு பள்ளிப் பெயர் இருக்கவேண்டும். மியாகி சோஜுனின் கோஜு-ரியூ 1933இல் பதிவானது. ஓட்சுகா ஹிரோனோரியின் வாடோ-ரியூவும் அந்தப் பத்தாண்டில்தான் பெயர்பெற்றது. ஆக, ‘தொன்மையான ஸ்டைல்’ என்று நாம் பெருமையாகச் சொல்லும் பெயர்கள் பலவற்றுக்கு இன்னும் நூறு வயது ஆகவில்லை.

உடைவுகளின் கதை பெரும்பாலும் ஒரு மரணத்தில் தொடங்குகிறது. மியாகி 1953இல் வாரிசை அறிவிக்காமல் காலமானார். மூத்த மாணவர்கள் தனித்தனி டோஜோக்களாக (பயிற்சிக்கூடங்களாக) பிரிந்தார்கள். 1957 ஏப்ரலில் ஃபுனகோஷி மறைந்தபோது இறுதிச் சடங்கை யார் நடத்துவது என்பதே பிணக்காயிற்று. அவருடைய மாணவர்களின் அமைப்புகளான ஜப்பான் கராத்தே சங்கமும் ஷோட்டோகாயும் அதோடு வேறு வழிகளில் போயின. அந்தச் சங்கத்தின் தலைமை ஆசான் நகயாமா மசாதோஷி 1987இல் இறந்தார். பிறகு அதுவே இரண்டாகி நீதிமன்றப் படியேறியது. 1999இல் உச்ச நீதிமன்றத்தில்தான் வழக்கு முடிந்தது. முழு அடிச் சண்டைக்குப் பேர்போன கியோக்குஷினும் அதன் நிறுவுநர் ஓயாமா மசுதட்சு 1994இல் மறைந்த பின் பல துண்டாயிற்று. கோயில் நிர்வாகம் இரண்டுபட்டு வழக்குக்குப் போவதைக் கண்ட நமக்கு இது விளங்காததல்ல. மூலஸ்தானத்துச் சாமியில் யாருக்கும் பிணக்கில்லை. சாவி யாரிடம் என்பதுதான் கேள்வி.

கராத்தேயில் அந்தச் சாவி, தரச் சான்றிதழில் கையொப்பமிடும் உரிமை. கறுப்புப் பட்டிக்கு யாருடைய முத்திரை செல்லும், கட்டணம் எந்தத் தலைமையகத்துக்குப் போகும், வெளிநாட்டுக் கிளைக்கு யார் பொறுப்பு என்பவையெல்லாம் அதற்குள் அடக்கம். தலைமையகம் பிரிந்தால் ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலுள்ள கிளையும் ஒரு பக்கம் சாயவேண்டிவரும். நேர்மையான காரணங்களும் இல்லாமலில்லை. ஓயாமா உண்மையாக அடித்துப் பார்க்கவேண்டும் என்று நம்பினார், அதற்காகத் தனிவழி போனார். அது கலையைப் பற்றிய வாதம், மதிக்கத் தக்கது. ஆனால் வாரிசுச் சண்டையைக் கலைச் சண்டையாகக் காட்டி, ‘எங்களுடையதே அசல்’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது பிழை.

விளையாட்டாக மாறியதும் அரசியல் இன்னும் கூடியது. சர்வதேச ஒலிம்பிக் குழு ஒரு விளையாட்டுக்கு ஓர் உலக அமைப்பையே ஏற்கும். அந்த இடத்துக்காகப் பல காலம் போட்டி நடந்து, 1999இல் உலகக் கராத்தே சம்மேளனம் அங்கீகாரம் பெற்றது. இலங்கையிலும் தேசிய விளையாட்டுச் சங்கங்கள் 1973ஆம் ஆண்டின் விளையாட்டுச் சட்டத்தின் கீழ் பதிவாகவேண்டும். ஆகவே வகுப்பு எந்தச் சங்கத்தோடு சேர்ந்தது என்பது, பிள்ளைக்குத் திறக்கும் போட்டிகளையும் சான்றிதழின் பெறுமதியையும் பாதிக்கிறது.

கராத்தே முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது 2021 ஆகஸ்டில், தோக்கியோவில். ஆண்கள் காட்டாவில் தங்கம் வென்றவர் ஒகினாவாவின் கியுனா ரியோ. அவருடைய ரியூயெய்-ரியூ ஜப்பானின் நான்கு பெரும் பாணிகளில் ஒன்றல்ல. நகாயிமா குடும்பத்துக்குள்ளேயே தலைமுறைகளாக இருந்து, பின்னர் வெளியாருக்குத் திறந்த சிறு பாணி. பெயரின் பருமனை அந்த மேடை பார்க்கவில்லை. அடுத்த ஒலிம்பிக்கில், பாரிஸில், கராத்தேக்கு இடமே கிடைக்கவில்லை.

பாடசாலை மண்டபத்துக்கும் சனசமூக நிலையத்துக்கும் பின்னேரங்களில் பிள்ளையைக் கூட்டிப் போகும் பெற்றோரே, பட்டிக்குப் பணம் கட்டுமுன் இந்தத் தரத்தை யார் வழங்குகிறார்கள், மாகாண, தேசியப் போட்டிகளுக்கு இது செல்லுமா என்று கேளுங்கள். ஆசானைப் பரீட்சிக்கிறோமே என்று கூச்சப்படத் தேவையில்லை. கேட்கவேண்டிய கேள்வி அது. ஆசான்மாரிடமும் ஒரு வேண்டுகோள்: வேறு வகுப்பிலிருந்து வரும் பிள்ளையை முதலில் ஒரு காட்டா செய்யச் சொல்லிப் பாருங்கள், பட்டியைப் பிறகு தீர்மானியுங்கள்.