தேய்மானத்தைக் குறைக்கும் வெப்பப் பதம்

நிலத்தை உழும் கொழு தன் எடையில் ஒரு சிறு பகுதியையே மண்ணில் இழக்கிறது. எனினும், அந்த இழப்பு முனையில் நேர்வதால் கொழு முழுவதுமே பயனற்றுப் போகிறது. டிராக்டரின் பற்சக்கரங்களுக்கும் அச்சுத்தண்டுகளுக்கும் இதே கதிதான். மெல்லிய மேற்பரப்பைக் காத்தால் பொருள் முழுவதையும் காக்கலாம்.

கடினமும் உறுதியும்

பொருள் முழுவதையும் கடினமாக்குவது இதற்குத் தீர்வாகாது. கடினம் மிகுந்தால் நொறுங்கும் தன்மையும் மிகும். கல்லில் மோதிய கொழு தேய்வதற்கு முன்பே உடைந்துவிடும். மேற்பரப்பு கடினமாகவும், உள்ளகம் அதிர்ச்சியைத் தாங்குவதாகவும் அமைதல் வேண்டும்.

எஃகின் கடினத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கார்பனே. 0.4 சதவீதம் கார்பன் உள்ள எஃகைச் சுமார் 850 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கி விரைந்து குளிர்வித்தால், கார்பன் அணுக்கள் வெளியேற நேரமின்றி இரும்பின் படிக அமைப்பில் சிக்கிக்கொள்கின்றன. மிகக் கடினமான இந்த அமைப்பு 'மார்ட்டன்சைட்' எனப்படும். பின்னர் மிதமாக மீண்டும் சூடாக்கி நொறுங்கும் தன்மையைக் குறைப்பது 'டெம்பரிங்' ஆகும். கொல்லர்கள் போடும் துவைச்சலின் அடிப்படையும் இதுவே.

மூன்று முறைகள்

கார்பன் சுமார் 0.2 சதவீதமே உள்ள எஃகு, குளிர்விப்பதனால் மட்டும் போதிய கடினம் பெறாது. அதனைக் கரித்தூள் நிறைந்த பெட்டியிலோ, கார்பன் மிக்க வாயுவிலோ 900 முதல் 950 பாகையில் சில மணி நேரம் வைத்தால், மேற்பரப்பில் கார்பன் ஊடுருவுகிறது. பிறகு குளிர்வித்தால் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் ஆழத்திற்குக் கடினமான தோல் உருவாகிறது. பற்சக்கரங்களுக்கு இம்முறை ஏற்றது.

கார்பன் 0.4 முதல் 0.5 சதவீதம் உள்ள அச்சுத்தண்டுகளுக்கு வெளியிலிருந்து கார்பன் தேவையில்லை. உயர் அதிர்வெண் மின்னோட்டத்தாலோ வாயுச் சுடராலோ மேற்பரப்பை மட்டும் சில வினாடிகளில் சூடாக்கி, உடனே நீர் தெளித்தால் போதும்.

குரோமியம், அலுமினியம் கலந்த எஃகுக்கு அம்மோனியா வாயுவில் 500 பாகையை ஒட்டிய வெப்பத்தில் நைட்ரஜன் ஊட்டலாம். விரைந்து குளிர்விக்க வேண்டாததால் பொருளின் வடிவம் அதிகம் கோணுவதில்லை. ஆனால் தோல் மெல்லியது, நேரமும் மிகுதி.

சிறு பட்டறைகளின் தேவை

மணலிலுள்ள குவார்ட்ஸ், கடினமாக்கிய எஃகையும் விடக் கடினமானது. ஆகவே மணற்பாங்கான நிலத்தில் வெப்பப் பதம் தேய்மானத்தைத் தாமதப்படுத்துமேயன்றி நிறுத்தாது. அங்கு முனையில் குரோமியம் கார்பைடு மிகுந்த உலோகத்தைப் பற்றவைப்பது கூடுதல் பயன் தரும்.

பல சிற்றூர்ப் பட்டறைகளில் வெப்பம் கண்ணால் மட்டுமே மதிக்கப்படுகிறது. வெப்பம் குறைந்தால் எஃகு கடினமாவதில்லை. மிகுந்தால் விரிசலுக்கு இடமாகிறது. திறந்த உலையில் நெடுநேரம் கிடந்தால் மேற்பரப்பின் கார்பன் எரிந்துபோய், கடினமாக வேண்டிய தோலே மென்மையாகிவிடும். பழைய வண்டி வில்பட்டைகளில் கார்பன் ஏற்கெனவே போதிய அளவு உண்டு. அவற்றுக்கு வேண்டுவது சரியான வெப்பமும் டெம்பரிங்குமே.

எனவே முதல் தேவை விலையுயர்ந்த உலையன்று. வெப்பமானியும், எஃகின் வகையை அறிந்து வாங்கும் பழக்கமும், பயிற்சியுமே. ஐதராபாத்தில் 1968-இலும் லூதியானாவில் 1980-இலும் தொடங்கப்பெற்ற மத்தியக் கருவிப் பயிற்சி நிலையங்கள் போன்றவற்றின் அறிவு சிற்றூர்க் கொல்லனின் உலைக்களத்தை எட்டுமாயின், உழவரின் செலவு குறையும். நாட்டின் எஃகும் மிச்சமாகும்.