தகரக் குவளையோடு கிளம்பும் மேயர்! - நியூயார்க்கின் குடுமி ஆல்பனியின் கையில்

ஜனவரிக் கடைசி அல்லது பிப்ரவரித் தொடக்கம். எலும்பைத் துளைக்கும் குளிர். உலகின் பணக்கார நகரங்களில் ஒன்றான நியூயார்க்கின் மேயர், தன் அதிகாரிகள் படையோடு சுமார் 240 கிலோமீட்டர் வடக்கே இருக்கும் ஆல்பனி என்ற சின்ன ஊருக்குக் கிளம்புவார். நியூயார்க் மாநிலத்தின் தலைநகரம் அதுதான். சட்டமன்றத்தின் நிதிக் குழுக்கள் முன்னால் உட்கார்ந்து, 'எங்களுக்கு இவ்வளவு பணம் வேண்டும், இன்னின்ன அதிகாரம் வேண்டும்' என்று கேட்பார். உறுப்பினர்கள் மணிக்கணக்கில் கேள்வி கேட்டுக் குடைவார்கள்.

இந்த நாளுக்கு அரசியல் வட்டாரத்தில் ஒரு பட்டப்பெயர் உண்டு. 'டின் கப் டே'. தகரக் குவளை நாள். பிச்சை கேட்பவர் கையில் சில்லறை குலுங்குமே, அந்தக் குவளைதான்.

நியூயார்க் நகரத்தில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வசிக்கிறார்கள். நகராட்சியின் ஆண்டு பட்ஜெட் 11,000 கோடி டாலரைத் தாண்டுகிறது. பல நாடுகளின் பட்ஜெட்டைவிடப் பெரிய தொகை இது. ஆனால், அந்த மேயரும் நகர மன்றமும் தாங்களாகவே விகிதத்தை ஏற்றி இறக்கக்கூடிய பெரிய வரி, சொத்து வரி ஒன்றுதான். வருமான வரியையோ, விற்பனை வரியையோ தொட வேண்டுமென்றால் ஆல்பனியின் அனுமதி வேண்டும்.

பணம்கூடப் போகட்டும். தன் தெருக்களில் கார் எவ்வளவு வேகத்தில் போகலாம் என்று முடிவெடுக்கக்கூட அந்த நகரம் ஆல்பனியைத்தான் கேட்க வேண்டியிருந்தது.

ஒரு பந்து, ஒரு சிறுவன், ஒரு சட்டம்

2013 அக்டோபரில் புரூக்ளின் பகுதியில், சாலைக்கு ஓடிய பந்தை எடுக்கப் போன 12 வயதுச் சிறுவன் ஒருவன் வேனில் அடிபட்டு இறந்துபோனான். அப்போது நகரத் தெருக்களில் பொதுவான வேக வரம்பு மணிக்கு சுமார் 48 கிலோமீட்டர். அதைக் குறைக்க வேண்டும் என்று பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர்கள் ஒன்றுசேர்ந்து கேட்டார்கள். மேயர் தயார். நகர மன்றமும் தயார். ஆனால், மாநிலச் சட்டம் இடம் கொடுக்கவில்லை.

ஆல்பனிக்கு நடையாய் நடந்தார்கள். 2014-ல் அனுமதி கிடைத்தது. அந்த நவம்பரில் வரம்பு சுமார் 40 கிலோமீட்டராகக் குறைந்தது. அதற்கும் கீழே, 32 கிலோமீட்டருக்குக் குறைக்க வேண்டும் என்றபோது மறுபடியும் ஆல்பனி. மறுபடியும் மசோதா. அதற்கு, இறந்துபோன சிறுவனின் பெயரையே வைத்தார்கள். 2023-ல் செனட்டில் நிறைவேறிய மசோதா, இன்னோர் அவையான அசெம்ப்ளியில் வாக்கெடுப்புக்கே வரவில்லை. மகனை இழந்த தாய் உட்படச் சிலர் ஆல்பனியில் உண்ணாவிரதமே இருந்தார்கள்.

2024 வசந்தத்தில்தான், மாநில பட்ஜெட்டோடு சேர்த்து, அந்த அதிகாரம் நகரத்தின் கைக்கு வந்தது. அவன் உயிரோடு இருந்திருந்தால் அப்போது இருபது வயதைத் தாண்டியிருப்பான்.

இதைவிட விசித்திரமானது கேமரா கதை. பள்ளிகளுக்கு அருகில் வேகமாகப் போகும் வண்டிகளைப் படம் பிடித்து 50 டாலர் அபராதம் விதிக்கும் கேமராக்களை, ஆல்பனியின் தற்காலிக அனுமதியில்தான் நகரம் வைத்திருந்தது. 2018 ஜூலையில் அந்த அனுமதி காலாவதியானது. அசெம்ப்ளி நீட்டிக்கத் தயாராக இருந்தது. செனட் வாக்கெடுப்பு நடத்தாமலேயே கூட்டத்தொடரை முடித்துக்கொண்டு போய்விட்டது. கேமராக்கள் கம்பத்திலேயே இருந்தன. படமும் பிடித்தன. அபராதம்தான் போட முடியவில்லை! அடுத்த சில வாரங்களிலேயே லட்சத்துக்கும் அதிகமான வண்டிகள் வேக வரம்பை மீறிப் பறந்ததாக நகராட்சி கணக்குச் சொன்னது.

கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும் நேரம். வேறு வழியில்லாமல் கவர்னர் ஆண்ட்ரூ கியூமோ அவசர நிலை உத்தரவு போட்டார்; நகர மன்றம் அவசரமாக ஒரு சட்டம் இயற்றியது. (அமெரிக்காவில் கவர்னர் என்பவர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர். நம் ஊர்க் கணக்கில் முதலமைச்சர் மாதிரி.) ஒரு தெருமுனைக் கேமராவுக்கு எமர்ஜென்சி!

'பெற்றவள் மாநிலம்தான்!'

ஏன் இப்படி? அமெரிக்க அரசியல் சாசனத்தைப் புரட்டினால் மாநிலங்கள் இருக்கின்றன, மத்திய அரசு இருக்கிறது. நகரம் என்ற சொல்லுக்கு அங்கே இடமே இல்லை. அயோவா மாநில நீதிபதி ஜான் டில்லன் 1868-ல் ஒரு தீர்ப்பு எழுதினார். நகராட்சிகளைப் பெற்றெடுத்தது மாநிலச் சட்டமன்றம்தான். பெற்றவளுக்கு அதை ஒடுக்கவும் அழிக்கவும் உரிமை உண்டு என்பது அதன் சாரம். 1907-ல் பிட்ஸ்பர்க் நகர வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் கிட்டத்தட்ட இதையே சொல்லிவிட்டது. பிற்பாடு நியூயார்க் உட்படப் பல மாநிலங்கள் நகரங்களுக்கு ஓரளவு தன்னாட்சி கொடுத்தன. ஆனால், சாவிக்கொத்து மாநிலத்திடம்தான்.

ஆல்பனி பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. 1975-ல் நியூயார்க் நகரம் கடனில் மூழ்கித் திவாலாகும் விளிம்புக்குப் போனது. அப்போது கட்டுப்பாட்டு வாரியம் அமைத்து, நகரத்தின் வரவு செலவைக் கையில் எடுத்துக் காப்பாற்றியது மாநில அரசுதான். 'கேட்டதையெல்லாம் கொடுத்தால் மறுபடி அதே கதைதான்' என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு.

ஆனால், கொடுக்காமல் இருப்பது வேறு. இருந்ததைப் பிடுங்குவது வேறு.

ஓர் இடைத்தேர்தல் பறித்த வரி

புறநகரிலிருந்து தினமும் ரயிலேறி நியூயார்க்குக்கு வேலைக்கு வருபவர்களிடம், 1966 முதல் ஒரு சிறிய வரி வசூலிக்கப்பட்டு வந்தது. 100 டாலர் சம்பளத்துக்கு 45 சென்ட். நகரத்தின் ரோடு, போலீஸ், தீயணைப்பு எல்லாவற்றையும் பயன்படுத்துகிறார்களே, அதற்காக.

1999-ல் புறநகர்ப் பகுதியில் ஒரே ஒரு செனட் தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்தது. புறநகர் வாக்காளர்களைக் குளிர்விக்க இரண்டு கட்சிகளும் போட்டி போட்டுக்கொண்டு அந்த வரியை ரத்து செய்தன. மேயர் ரூடி ஜூலியானி எதிர்த்தும் பலனில்லை. நகரத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 36 கோடி டாலர் நஷ்டம். மாநிலத்துக்கு உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் சலுகை கொடுத்துவிட்டு, பக்கத்து மாநிலங்களிலிருந்து வருபவர்களிடம் வரியைத் தொடரலாம் என்று ஒரு கணக்குப் போட்டிருந்தார்கள். அது பாரபட்சம் என்று நீதிமன்றம் அதையும் தள்ளிவிட்டது. 33 ஆண்டு வருமானம், ஓர் இடைத்தேர்தலோடு போயே போய்விட்டது.

ஆறு மாத சீஸன்

நகராட்சிக்கு ஆல்பனியில் நிரந்தர அலுவலகமே இருக்கிறது. எந்தக் குழுவில் எந்த மசோதா இருக்கிறது, எந்த உறுப்பினர் முறுக்கிக்கொண்டிருக்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அங்கிருப்பவர்களுக்கு வேலை. ஒரு நகரத்தை மட்டும் தொடும் மசோதா என்றால், பெரும்பாலும் நகர மன்றமே 'இதை எங்களுக்குச் செய்து தாருங்கள்' என்று முறைப்படி தீர்மானம் போட்டு அனுப்ப வேண்டும். மாநில நிதியாண்டு ஏப்ரல் 1-ல் தொடங்குகிறது. வழக்கமான கூட்டத்தொடர் ஜூனில் முடிந்துவிடும். ஆக, ஜனவரி முதல் ஜூன் வரை கெஞ்சல் சீஸன்!

அசெம்ப்ளியில் 150 பேர், செனட்டில் 63 பேர். இவர்களில் நியூயார்க் நகரத்திலிருந்து தேர்வானவர்கள் பாதிக்கும் குறைவு. மற்றவர்களின் ஓட்டு வேறு எங்கோ பண்ணைக் கிராமத்திலோ, புறநகரிலோ இருக்கிறது.

சொந்த ஊர்க்காரர்களே கைவிட்டதும் உண்டு. நெரிசல் மிகுந்த மன்ஹாட்டன் பகுதிக்குள் நுழையும் கார்களுக்கு 8 டாலர் கட்டணம் விதிக்க மேயர் மைக்கேல் புளூம்பெர்க் திட்டம் போட்டார். நகர மன்றம் 2008-ல் ஒப்புதல் கொடுத்தது. ஆனால், மன்ஹாட்டனிலிருந்து தேர்வாகி அசெம்ப்ளி சபாநாயகராக இருந்த ஷெல்டன் சில்வர், கட்சிக்காரர்களோடு மூடிய கதவுக்குள் பேசிவிட்டு வெளியே வந்து, வாக்கெடுப்பே கிடையாது என்று அறிவித்தார். அதை நம்பி மத்திய அரசு தருவதாகச் சொன்ன 35 கோடி டாலருக்கும் மேற்பட்ட உதவியும் கைநழுவியது. அதே யோசனைக்கு ஆல்பனி 2019-ல் சம்மதித்தது. 2024-ல் தொடங்க மூன்றே வாரங்கள் இருந்தபோது கவர்னர் கேத்தி ஹோக்கல் அதை நிறுத்திவைத்தார். கடைசியில் 2025 ஜனவரி 5-ம் தேதிதான் 9 டாலர் கட்டணத்தோடு நடைமுறைக்கு வந்தது.

குவளை எப்போதும் காலியாகத் திரும்புவதில்லை. 4 வயதுக் குழந்தைகள் எல்லோருக்கும் முழு நாள் இலவச மழலையர் வகுப்பு வேண்டும், அதற்குப் பணக்காரர்களின் வருமான வரியை உயர்த்த அனுமதியுங்கள் என்று மேயர் பில் டி பிளாசியோ 2014-ல் கேட்டார். வரிக்கு 'நோ'. பணத்துக்கு 'எஸ்'. 30 கோடி டாலர் கிடைத்தது. சுமார் 20,000 குழந்தைகள் படித்த முழு நாள் வகுப்புகளில் அந்த செப்டம்பரிலேயே 50,000-க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள்.

தகரக் குவளை வரிசையில் நியூயார்க் மட்டும் நிற்பதில்லை. பஃபலோ, ராச்செஸ்டர், சிராக்யூஸ், யாங்கர்ஸ் மேயர்களும் வருவார்கள். இவர்களில் பாவம், ஆல்பனி மேயர்தான். ஊரில் பாதிக்கும் மேற்பட்ட சொத்து அரசுக் கட்டடம், அது இது என்று வரி விலக்குப் பெற்றது. சட்டமன்றத்துக்கு வெளியே பனியை அள்ளுவது அவருடைய நகராட்சி. வருவதோ வரி கட்டாத விருந்தாளிகள். அதற்கு ஈடாக ஆண்டுக்குச் சுமார் 1.25 கோடி டாலராவது கொடுங்கள் என்று, முன்னாள் மேயர் கேத்தி ஷீஹன் அதே கட்டடத்துக்குள் வந்து திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்.

2026 ஜனவரி 1-ம் தேதி நியூயார்க் மேயராகப் பதவியேற்ற ஸோரான் மம்தானிக்கு இந்த வழியெல்லாம் அத்துப்படி. இயக்குநர் மீரா நாயரின் மகனான அவர், அதற்கு முன் அதே அசெம்ப்ளியில் உறுப்பினராக இருந்தவர். தேர்தலில் அவர் கொடுத்த பெரிய வாக்குறுதிகளில் இரண்டு, இலவச பஸ்ஸும் கோடீஸ்வரர்களுக்குக் கூடுதல் வரியும். பஸ்ஸை ஓட்டும் எம்.டி.ஏ, மாநிலத்தின் அமைப்பு. வருமான வரியோ, சொல்லவே வேண்டாம். கேள்வி கேட்கும் பக்கம் இருந்தவர், இப்போது குவளையோடு எதிர்ப்பக்கம்.

புரூக்ளினில் அந்தச் சிறுவன் அடிபட்ட சாலையில், 2024 இலையுதிர் காலத்தில் வேக வரம்பு 32 கிலோமீட்டராகக் குறைந்தது. புதிய அதிகாரத்தை நகரம் முதலில் பயன்படுத்திய சாலைகளில் அதுவும் ஒன்று. பள்ளிக்கூடக் கேமராக்கள் இப்போது 24 மணி நேரமும் வேலை செய்கின்றன. அவற்றுக்கான அனுமதி 2030 ஜூலை 1 வரை. அதற்குள் யாராவது மறுபடியும் ஆல்பனிக்கு ரயிலேற வேண்டும்.