பிள்ளை நெஞ்சில் நீர்: டி.பி.யா, சளியா? துப்புக் கொடுக்கும் "ஏ.டி.ஏ." சோதனை!

பத்து நாளாகக் காய்ச்சல் விடவில்லை. மூச்சை இழுத்தால் விலாவில் குத்துகிறது. எக்ஸ்ரே எடுத்தால் நெஞ்சில் ஒரு பக்கம் வெள்ளையாகத் தெரிகிறது.

"நெஞ்சுல நீர் கோத்திருக்கு" என்கிறார் டாக்டர்.

பெற்றோருக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. "டி.பி.யா இருக்குமோ?" என்று கேட்கிறார்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் இதற்குப் பதில் சொல்வது டாக்டருக்கே லேசான காரியம் அல்ல!

வைத்தியம் வேறு வேறு

நுரையீரலைச் சுற்றி மெல்லிய இரட்டை உறை உண்டு. நோய் வந்தால் இரண்டு உறைகளுக்கும் நடுவே நீர் பெருகும்; நுரையீரலை நெருக்கும்.

சின்னக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் நிமோனியா சளியால் இப்படி ஆகிறது. டி.பி.யால் நீர் கோப்பது பள்ளிக்கூடம் போகும் வயதுப் பிள்ளைகளிடம் அதிகம்.

சளி என்றால் ஆன்டிபயாடிக் மருந்து. சீழ் பிடித்திருந்தால் குழாய் வைத்து வடிக்க வேண்டும். டி.பி. என்றால் மாதக்கணக்கில் மாத்திரை. ஒன்றுக்கு ஒன்று மாற்றிக் கொடுத்தால் அவதிப்படுவது பிள்ளைதான்.

கிருமி சிக்குவதில்லை

"நீரை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தெரியாதா?" என்று கேட்கலாம்.

பெரும்பாலும் தெரியாது. அந்த நீரில் காசநோய்க் கிருமி மிகவும் குறைவு. கிருமியை வளர்த்துப் பார்க்க வாரக்கணக்கில் ஆகும். அதிலும் பல சமயம் ஏமாற்றம்தான். சில மணி நேரத்தில் முடிவு சொல்லும் ஜீன் எக்ஸ்பர்ட் கருவி கூட இந்த நீரில் கிருமியைப் பல தடவை கோட்டை விடுகிறது.

சளியைச் சோதிக்கலாம் என்றால், பிள்ளைகள் அதைத் துப்புவதில்லை; விழுங்கி விடுகிறார்கள்!

தடயம் சிக்கியது

திருடன் சிக்காவிட்டால் போலீசார் கால்தடத்தைத் தேடுவார்கள். டாக்டர்கள் தேடும் தடயம்தான் ஏ.டி.ஏ. முழுப் பெயர், அடினோசின் டீஅமினேஸ். வெள்ளை அணுக்கள் கிருமியோடு மோதும்போது பெருகும் நொதி இது.

டி.பி. நீரில் இது எக்கச்சக்கமாக இருப்பதை இத்தாலிய டாக்டர்கள் 1978-ல் வெளியிட்டார்கள். லிட்டருக்கு 40 யூனிட்டைத் தாண்டினால் டி.பி. சந்தேகம் வலுக்கும். அதிகச் செலவும் இல்லை. காமா இன்டர்பெரான் என்ற இன்னொரு தடயமும் உண்டு. அதற்குச் செலவு அதிகம்.

உஷார்!

எண்ணை மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது. சாதாரணச் சீழிலும் ஏ.டி.ஏ. ஏறும். சில வகைப் புற்றுநோயிலும் ஏறும். 40 என்ற கணக்கே பெரும்பாலும் பெரியவர்களைச் சோதித்து வந்த கணக்கு.

அதனால் நீரில் எந்த வகை வெள்ளை அணு அதிகம் என்றும் பார்க்கிறார்கள். லிம்போசைட் அதிகம் என்றால் டி.பி. பக்கம் சாயும். நியூட்ரோபில் அதிகம் என்றால் சீழ்ப் பக்கம் சாயும்.

"நீர் எடுக்க ஊசி எதுக்கு? ரத்தத்துல பார்த்துடலாம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ரத்தத்தில் எதிர்ப்பொருளைப் பார்த்து டி.பி. என்று சொல்லும் சோதனைகளை, தவறான முடிவு தருவதால், இந்திய அரசு 2012-லேயே தடை செய்துவிட்டது.

மறைக்காதீர்கள்

டாக்டர் கட்டாயம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்ததா?"

இங்கேதான் பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள். "வெளியே தெரிஞ்சா பொண்ணு கல்யாணம் நின்னுடும்" என்ற பயம்! ஆனால் பிள்ளைக்கு டி.பி. வருவது பெரும்பாலும் இருமுகிற பெரியவரிடமிருந்துதான். அந்த ஆளையும் கண்டுபிடித்தால்தான் வீட்டை விட்டு நோய் போகும்.

வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை. டி.பி. நோயாளியை சானடோரியத்தில் ஒதுக்க வேண்டாம், வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்று 1959-ல் உலகத்துக்குக் காட்டியதே சென்னையில் நடந்த ஆராய்ச்சிதான்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் டி.பி. மருந்து இலவசம். சத்துணவுக்கான உதவித்தொகையும் 2024 நவம்பரில் மாதம் 1,000 ரூபாயாக உயர்ந்தது.

ஏ.டி.ஏ. பாதித் துப்புதான் கொடுக்கும். மீதித் துப்பு வீட்டாரிடம் இருக்கிறது. டாக்டர் கேட்டால் சொல்லிவிடுங்கள்!