செம்மண் மக்களும் அவர்தம் மொழிக்குலமும்

வட அமெரிக்கப் பழங்குடியினருள் 'பொக்ஸ்' எனப்படுவோர் ஓரினத்தார். பொக்ஸ் என்பது நரியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். இப்பெயர் அவர்கள் தாமே பூண்டதன்று. அவருள் நரிக்குலத்தார் சிலரை முதற்கண் சந்தித்த பிரெஞ்சியர், அக்குலப் பெயரையே இனம் முழுமைக்கும் சூட்டினர் என்பர். அவர்கள் தம்மை அழைப்பது மெஸ்குவாக்கி என்றே. செம்மண் மக்கள் என்பது அதன் பொருள். அப்பெயரின் முதலில் நிற்கும் 'செம்மை' என்னும் சொல்லே பின்னாளில் மொழிநூலில் ஓர் உண்மையை நிலைநாட்டியது. அதனை ஈண்டு நோக்குவாம்.

மெஸ்குவாக்கி மொழி அல்கோங்கியன் குடும்பத்தைச் சார்ந்தது. அற்லாந்திக் கரை முதல் றொக்கி மலைச்சாரல் வரை பரந்த இக்குடும்பத்துள் கிறீ, ஒஜிப்வே, மெனோமினி, செயென், பிளாக்பூட் முதலியன அடங்கும். இவற்றுள் சோக், கிக்கப்பூ என்பன மெஸ்குவாக்கிக்கு மிக அணித்தானவை. இம்மூன்றும் ஒரு மொழியின் கிளைவழக்குகள் என்றே கூறலாம்.

பண்டை நூற்சான்று இல்லாத மொழிகளின் உறவை எங்ஙனம் நிறுவுவது? பொக்ஸ் இனத்துப் பாட்டியாரிடம் வளர்ந்த வில்லியம் யோன்ஸ் என்னும் அறிஞர், அம்மக்களின் கதைகளை அவர்தம் மொழியிலேயே எழுதி 1907 இல் வெளியிட்டார். அந்நூலையும் பிற மொழிச் சான்றுகளையும் ஒப்புநோக்கிய லெனாட் புளூம்பீல்ட், 1925 இல் மூலமொழியின் ஒலிகளை வகுத்தார்.

அவர் கண்ட ஒன்றைக் காட்டுவாம். மெஸ்குவாக்கியில் நெருப்பு 'அஷ்கொதேவி'. சிவந்திருக்கின்றான் என்பது 'மெஷ்குசிவ'. இரண்டிலும் 'ஷ்க' என்னும் ஒலியே உளது. கிறீ மொழியிலோ நெருப்பு 'இஸ்கொதேவ்'. சிவந்திருக்கின்றான் என்பது 'மிஹ்குசிவ்'. ஒஜிப்வேயில் முறையே 'இஷ்கொதே', 'மிஸ்குசி' என வரும். ஆகவே, மெஸ்குவாக்கியில் ஒன்றாய்த் தோன்றும் ஒலிக்கூட்டம் மூலமொழியில் இரண்டாய் இருந்திருத்தல் வேண்டும். அவர் அறிந்த மொழிகளுள் எதுவும் செம்மைச் சொல்லுக்கெனத் தனி ஒலியைக் காத்திலது. எனினும் அப்படியொன்று இருந்ததென அவர் துணிந்தார். பின்னர் கனடாவின் மானிற்றோபாப் பகுதிக் கிறீ வழக்கொன்றில் 'மிஹ்ட்குசிவ்' என்னும் வடிவம் கிடைத்தது. அத்தனி ஒலி ஆங்கே அழியாதிருந்தது! இதனை 1928 இல் அவர் எடுத்துரைத்தார். ஏட்டில் எழுதப்படாத மொழிகளும் ஏனைய மொழிகளைப் போன்றே ஒழுங்குற மாறுவன என்பது இதனால் தெளிவாயிற்று.

மெஸ்குவாக்கி பிறிதொரு வகையிலும் போற்றத்தக்கது. கிறீயும் ஒஜிப்வேயும் இழந்த சொல்லிறுதிக் குற்றுயிரை அது காத்துளது. 'மெஷ்குசிவ' என்பதன் ஈற்று அகரமே சான்று.

இச்சொல்லை வழங்கிய மக்களோ பிரெஞ்சியருடன் நிகழ்ந்த போர்களிற் பெரிதும் அழிந்தனர். பின்னர் அமெரிக்க அரசினராற் கன்சாசுக்குப் பெயர்க்கப்பட்டனர். எனினும் சிலர் ஐயோவாவுக்கு மீண்டு, 1857 இல் 80 ஏக்கர் நிலத்தைத் தம் பொருள் கொடுத்தே வாங்கினர். அம்மண்ணில் அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றனர். ஆயின் முன்னோர் மொழியைச் சரளமாகப் பேசுவோர் மிகச் சிலரே. அவருட் பெரும்பாலோர் முதியோர். நிலத்தை விலை கொடுத்து மீட்டல் கூடும். மொழியை இளையோர் நாவிலன்றி வேறெங்கு மீட்பது?